கடல் கடந்து வரும் சட்டம்

1886ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள். யோகோஹாமாவிலிருந்து கோபே நோக்கிச் சென்றுகொண்டிருந்த நார்மன்டன் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல், ஜப்பானின் கீ தீபகற்பக் கரையருகே மூழ்கியது. கப்பல் தலைவர் ஜான் வில்லியம் டிரேக்கும் அவருடைய ஐரோப்பிய மாலுமிகளும் படகுகளில் ஏறித் தப்பினர். பயணிகளாக வந்த ஜப்பானியர் 25 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கோபேயில் விசாரணை நடந்தது. ஜப்பான் கடலில், ஜப்பானியர் இறந்த நிகழ்வு அது. ஆனால் விசாரித்தவர் ஜப்பானிய நீதிபதி அல்லர். அந்நகரின் பிரிட்டிஷ் கான்சல். தலைவர்மீது குற்றமில்லை என்று அவர் முடிவு செய்தார். ஜப்பான் முழுவதும் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. அதன் பிறகே யோகோஹாமாவிலிருந்த பிரிட்டிஷ் நீதிமன்றம் வழக்கை மீண்டும் எடுத்து, டிசம்பரில் டிரேக்குக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு எதுவும் இல்லை.

ஒரு நாட்டின் பிரஜை அயல்மண்ணில் செய்யும் செயலுக்கு அவனுடைய சொந்த நாட்டுச் சட்டம் பொருந்த வேண்டுமா? ஏட்டளவில் இக்கேள்வி சட்ட மாணவர்களின் பட்டிமன்றத் தலைப்புப் போலத் தோன்றும். வரலாற்றில் அது அப்படி எழவில்லை. பிணங்களோடும் அடிமைகளோடும் சேர்ந்தே எழுந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சட்டம் தன் பிரஜைகளின் பின்னாலேயே கடல் கடந்து சென்றது; ஆனால் இருவேறு வேலைகளைச் செய்வதற்காகச் சென்றது. அந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டால், மேற்சொன்ன கேள்விக்கான விடையின் பாதி கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை, காப்பது. இதன் வேர் சீனாவில் இருக்கிறது. 1784இல் கான்டன் அருகே லேடி ஹியூஸ் என்ற ஆங்கிலக் கப்பல் மரியாதை வேட்டு முழக்கியபோது சீனர் இருவர் உயிரிழந்தனர். சீன அதிகாரிகளின் நெருக்குதலால் பீரங்கி வீரன் ஒப்படைக்கப்பட்டு, மறு ஆண்டில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டான். தற்செயலான சாவுக்கும் மரண தண்டனையா என்று வணிகர்கள் கொதித்தார்கள். தற்செயலுக்கும் திட்டமிட்ட கொலைக்கும் சீனச் சட்டமே வேறுபாடு வகுத்திருந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். ஆனாலும் ‘இந்தச் சட்டத்தின்கீழ் எங்களவரை நிறுத்த மாட்டோம்’ என்ற மனநிலை அன்றே இறுகிவிட்டது. முதல் அபினிப் போருக்குப் பின் 1843இல் பிரிட்டனும், 1844இல் வாங்ஷியா ஒப்பந்தத்தின் வழியே அமெரிக்காவும் அந்த மனநிலையை உரிமையாகவே எழுதி வாங்கிக்கொண்டன. சீனாவில் குற்றம் செய்யும் தம் பிரஜையைத் தம் கான்சலே தம் சட்டப்படி விசாரிப்பார் என்பது அதன் சாரம். 1858இல் ஜப்பானும் இதே வகை ஒப்பந்தங்களில் கையொப்பமிட நேர்ந்தது.

அபினியை எடுத்துக்கொள்வோம். 1858க்கு முன் அதை விற்பது சீனச் சட்டப்படி குற்றம். பிரிட்டிஷ் சட்டப்படி வணிகம். சொந்தச் சட்டத்தைச் சுமந்து வந்த வணிகன் சீனாவின் மண்ணில் நின்றுகொண்டே சீனாவின் தடைக்கு வெளியே நின்றான். அவனால் கெட்டழிந்த குடும்பம் முறையிட வேண்டுமானால், அவனுடைய நாட்டு அதிகாரியின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இங்கே சட்டம் ஒரு குடை. மழை மற்றவர்மீது பெய்தது. ஜப்பான் தன் நீதிமுறையைப் புதுப்பித்து, 1894இல் பிரிட்டனோடு செய்த புதிய ஒப்பந்தத்தின் பயனாக 1899இல் இந்தத் தளையை அறுத்தது. சீனா அதே உரிமையைப் பிரிட்டனிடமிருந்தும் அமெரிக்காவிடமிருந்தும் மீட்க 1943 வரை காத்திருந்தது.

*

இரண்டாவது வேலை, கட்டுவது. இங்கே கதை அடிமை வணிகத்துக்குத் திரும்புகிறது.

பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. 1833இல் தன் பெரும்பாலான குடியேற்றங்களில் அடிமைமுறையையே ஒழிக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் பிரேசிலிலோ கியூபாவிலோ அடிமைமுறை சட்டபூர்வமாகவே இருந்தது. லண்டனில் மனிதனை விலைக்கு வாங்க முடியாத ஓர் ஆங்கிலேயன், ரியோவில் இறங்கியதும் வாங்கலாமா? கூடாது என்றது 1843ஆம் ஆண்டுச் சட்டம். உலகின் எந்த மூலையில் இருந்தாலும், அந்த மண்ணின் சட்டம் அனுமதித்தாலும், பிரிட்டிஷ் பிரஜை அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று அது விதித்தது. தன் பிரஜைக்கு அயல்நாட்டில் கூடுதல் உரிமை கேட்காமல், அயல்நாடு தந்த உரிமையைத் தன் பிரஜையிடமிருந்து பறித்த சட்டம் என்பதே இதன் சிறப்பு.

இந்தச் சட்டம் மிகக் கடுமையாகப் பாய்ந்த இடங்களுள் ஒன்று ஜான்சிபார் தீவு. அங்கே பாய்ந்தது இந்தியர்கள்மீது. கிராம்புத் தோட்டங்களும் தந்த வணிகமும் செழித்த அத்தீவில், கச்சுப் பகுதியிலிருந்து சென்ற வணிகர்கள் கடன் கொடுப்பவர்களாகவும் சுங்கக் குத்தகைதாரர்களாகவும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். பலர் வீட்டிலும் தோட்டத்திலும் அடிமைகளை வைத்திருந்தனர். 1858இல் கான்சலாக வந்த கிறிஸ்டோபர் ரிக்பி, இந்தியர்களும் பிரிட்டிஷ் பிரஜைகளே, ஆகவே அவர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று 1860இல் கண்டிப்பாக அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் விடுதலைப் பத்திரம் பெற்றனர்.

வணிகர்களின் மறுமொழி கவனிக்கத்தக்கது. ‘நாங்கள் வாழ்வது சுல்தானின் மண்ணில், இங்கே அடிமைமுறை சட்டபூர்வமானது’ என்றனர். ‘நாங்கள் கச்சு மன்னரின் குடிகள், கம்பெனியின் குடிகள் அல்லர்’ என்றும் சொன்னார்கள். ரிக்பிக்குப் பின் வந்த அதிகாரி இந்த இரண்டாவது வாதத்துக்கு இடம் கொடுத்தார். வணிகத் தகராறு வந்தால் பிரிட்டிஷ் கான்சலின் பாதுகாப்பை நாடியவர்களில் சிலர், அடிமையை வைத்துக்கொள்ள சுல்தானின் பிரஜை என்று பெயர் மாற்றிக்கொள்ளவும் தயங்கவில்லை. பிற்காலத்தில் கச்சு மன்னரையே அறிக்கை வெளியிட வைத்துத்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. ஜான்சிபாரின் அடிமைச் சந்தை 1873இல் மூடப்பட்டது.

உரிமை கேட்கும்போது ஒரு நாட்டவன், கடமை வரும்போது வேறு நாட்டவன் என்ற இந்த இரட்டை வேடம் கச்சு வணிகர்களுக்கு மட்டும் உரியதன்று. இன்றைய பன்னாட்டு நிறுவனங்களின் பதிவேடுகளிலும் அதைப் பார்க்கலாம்.

*

அப்படியானால் 1843ஆம் ஆண்டுச் சட்டம் நீதியின் வெற்றியா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

அதே ஆண்டில் கம்பெனியின் இந்திய ஆட்சிப் பகுதிகளுக்கு ஐந்தாம் சட்டம் வந்தது. 1833ஆம் ஆண்டின் ஒழிப்பு, கம்பெனி ஆண்ட நிலங்களையும் இலங்கையையும் விட்டுவைத்திருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தஞ்சையிலும் மலபாரிலும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். ஐந்தாம் சட்டம் நீதிமன்றங்கள் அடிமை உடைமையை ஏற்கக் கூடாது என்று சொன்னதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் வழியாகத்தான் தண்டனைக்குரிய குற்றமாயின. பிரேசிலில் இருந்த ஆங்கிலேயனை எட்டிய கை, காவிரிக் கரையில் தயங்கியது.

பிரேசிலிலும் அந்தக் கை முழுதாக எட்டவில்லை. மினாஸ் ஜெராய்ஸ் மாகாணத்தின் மோரோ வெல்யோ தங்கச் சுரங்கத்தை நடத்தியது செயின்ட் ஜான் டெல் ரே என்ற ஆங்கில நிறுவனம். சட்டம் வாங்கலையும் விற்றலையும் தடுத்தது. முன்பே வைத்திருந்தவர்களைத் தொடவில்லை. வாடகைக்கு அமர்த்துவதைத் தடுக்கவில்லை. 1845இல் அந்நிறுவனம், நொடித்துப்போன மற்றோர் ஆங்கில நிறுவனத்திடமிருந்து 385 அடிமைகளைப் பதினான்கு ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. காலம் முடிந்ததும் அவர்களை விடுவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1859 வந்தது, போனது. விடுதலை வரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1879இல் ஜோவாக்கிம் நபூகோ பிரேசில் நாடாளுமன்றத்தில் இதைப் போட்டுடைத்தார். எஞ்சியிருந்தவர்களுக்கு விடுதலை கொடுத்தவை பிரேசிலின் நீதிமன்றங்கள். பிரேசிலிலேயே அடிமைமுறை 1888இல்தான் ஒழிந்தது. அடிமைமுறையைச் சட்டமாக வைத்திருந்த ஒரு நாட்டின் நீதிமன்றம், அதை ஒழித்ததாகப் பெருமைகொண்ட நாட்டின் நிறுவனத்திடமிருந்து மனிதர்களை மீட்டது.

இந்த நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான். சொந்த நாட்டுச் சட்டம் பிரஜையைத் தொடர்ந்து செல்லலாம். அவன் கை வலுவற்றவர்மீது விழாதபடி கட்டுவதற்காக. ஆனால் அவனால் பாதிக்கப்பட்டவரின் மண்ணிலுள்ள நீதிமன்றத்தை அவனுக்குப் பொருந்தாததாக்கும் உரிமை அதற்குக் கிடையாது. கூடுதலாக ஒரு சட்டம் வரலாம்; இருப்பதற்குப் பதிலாக வரக் கூடாது. கோபேயில் நடந்தது பதிலாக வந்த சட்டம். ஜான்சிபாரில் வந்தது, எத்தனை அரசியல் கலந்திருந்தாலும், கூடுதலாக வந்த சட்டம். மோரோ வெல்யோ நமக்குச் சொல்வது, கூடுதல் சட்டம் மட்டும் போதாது, உள்ளூர் நீதிமன்றமும் விழித்திருக்க வேண்டும் என்பது.

இந்த அளவுகோல் இன்றும் பயன்படும். அயல்நாடு சென்று குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கும் தம் பிரஜைகளைத் தண்டிக்க ஆஸ்திரேலியா 1994இல் சட்டம் கொண்டுவந்தது. பல நாடுகள் இவ்வகைச் சட்டங்களை இயற்றியுள்ளன. அயல்நாட்டு அதிகாரிக்குக் கையூட்டுக் கொடுப்பதை அமெரிக்கா 1977இல் குற்றமாக்கியது. இவை 1843இன் வாரிசுகள்.

இந்தியத் தண்டனைச் சட்டமும் இந்தியக் குடிமகன் உலகில் எங்கே குற்றம் செய்தாலும் அது தன் வரம்புக்குள் அடங்கும் என்றது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. ஆனால் முற்றிலும் அயல்மண்ணில் நடந்த குற்றத்தை இங்கே விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆக, கதவு இருக்கிறது. சாவி அரசிடம் இருக்கிறது. அயல்நாட்டில் நம்மவர் ஒருவரால் துன்புற்ற ஏழைத் தொழிலாளிக்காக அந்தக் கதவு எப்போது திறக்கும், எப்போது திறக்காது என்பதில்தான், நம் சட்டம் எந்த மரபைச் சேர்ந்தது என்பது தெரியவரும்.