ஏடாகூடம் (மரக்கோப்புப் புதிர்)

ஆணியும் பசையும் இல்லாமல், வெட்டுகளின் பொருத்தத்தாலேயே ஒன்றையொன்று பற்றி நிற்கும் மரக்கட்டைகளைக் கழற்றித் திரும்பக் கோக்கும் புதிர். கேரளத் தச்சர்கள் செய்துவரும் ஆறுகட்டைப் புதிருக்கு அங்கே ஏடாகூடம் என்று பெயர். சீனர்கள் இதைத் தச்சர்களின் குலமுதல்வராக அவர்கள் போற்றும் லூபானின் பெயரால் லூபான் பூட்டு என்கிறார்கள். ஜப்பானில் குமிகி என்ற பெரிய புதிர்க் குடும்பத்தில் இதுவும் அடக்கம். ஐரோப்பாவில் 1698-இல் செதுக்கப்பட்ட ஓர் ஓவியத்தில் இதன் உருவம் காணப்படுகிறது. சேம்பர்ஸ் கலைக்களஞ்சியத்தின் முகப்புப் படமாகப் பின்னர் வந்தது அந்த ஓவியம்தான். 1733-இல் பாப்லோ மிங்கெத் என்ற ஸ்பானியர் தம் வித்தை நூலில் இதைச் சேர்த்தார்.

அமைப்பு

ஆறு கட்டைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று இணைகளாகும். ஓர் இணை நெட்டாக நிற்கும், ஒன்று குறுக்கே கிடக்கும், மூன்றாவது முன்பின்னாக ஊடுருவும். மூன்றும் நடுவில் சந்திக்கும் இடத்தில்தான் சூட்சுமம் எல்லாம். கட்டையின் அகலமும் கனமும் 2 அலகு, நீளம் 6 அலகு அல்லது அதற்கு மேல். நடுப்பகுதியில் வெட்டி எடுக்கக்கூடிய சிறு கனங்கள் 12. எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதே வடிவமைப்பு. கணக்குப்படி 4,096 விதமாக வெட்டலாம். துண்டாகிப் போகிறவற்றையும், திருப்பிப் பார்த்தால் ஒன்றாகவே இருப்பவற்றையும் கழித்தால் 837 கட்டைகள் மிஞ்சும்.

இந்த 837-இல் 59 மட்டுமே ரம்பத்தால் குறுக்கே அறுத்து, உளியால் நேராகத் தட்டி எடுத்துவிடக் கூடியவை. மற்றவற்றில் ரம்பப் பல் எட்டாத உள்மூலைகள் உண்டு. அவற்றை நுனி உளியால் குடைய வேண்டும். இல்லையென்றால் சிறு கனங்களாக அறுத்து ஒட்டிச் செய்ய வேண்டும். பழைய புதிர்களில் முதல் வகையே மிகுதியாக வருவதற்குக் காரணம் இதுதான்.

எண்ணிக்கை

அமெரிக்கக் கணிதரான பில் கட்லர் இந்தப் புதிருக்காகவே பல ஆண்டுகள் உழைத்தார். உள்ளே துளி வெற்றிடமும் இல்லாத கெட்டிப் புதிர்களை மட்டும் எடுத்தால் 1,19,979 கோப்புகள் உண்டு என்று கண்டார். 1978 ஜனவரியில் மார்ட்டின் கார்ட்னர் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் தம் பத்தியில் இந்தப் புதிர்களைப் பற்றி எழுதியபின் பலர் இதில் இறங்கினார்கள். வெற்றிடம் உள்ளவற்றையும் சேர்த்து எண்ணும் வேலையைக் கட்லர் 1990-இல் கணினியைக் கொண்டு முடித்தார். கிடைத்த எண் 3,565 கோடிக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி காகிதத்தில் பொருந்துபவை, கையால் கோக்க முடியாதவை.

உள்ளே வெற்றிடம் இருந்தால் புதிர் எளிதாகும் என்று தோன்றும். நேர்மாறாகத்தான் நடக்கிறது. கட்டைகள் உள்ளுக்குள் நகர இடம் கிடைப்பதால், முதல் கட்டை வெளியே வருவதற்குமுன் பல நகர்வுகள் தேவைப்படும். அந்த நகர்வுகளின் எண்ணிக்கையே புதிரின் படி. ஆறுகட்டைப் புதிரில் எட்டக்கூடிய உச்சம் 12-ஆம் படி. ஒரே ஒரு விடை உள்ளதாக இருக்க வேண்டும் என்றால் 10. இன்று ஆண்ட்ரியாஸ் ரோவர் எழுதிய பர்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் வடிவத்தைக் கொடுத்தால், விடை உண்டா, எத்தனை, எந்த வரிசையில் என்று சொல்லிவிடும். ஆனால் எந்த வடிவம் கைக்கு இன்பமாக இருக்கும் என்பதை இன்னும் மனிதர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. படி உயர்ந்தால் புதிர் உயர்ந்தது என்று கொள்வது சரியல்ல. 3-ஆம் படியில் நின்று, எதிர்பாராத கட்டை ஒன்று சரியும் புதிர் பல வேளைகளில் மேலானது.

அவிழ்த்தல்

பழைய வகையில் ஒரு கட்டை வெட்டே இல்லாமல் முழுசாக இருக்கும். அதுதான் திறவுகட்டை. விரலால் தள்ளினால் நேராக உருவிக்கொண்டு வரும். அது விட்டுப்போன சதுரப் பாதையே அடுத்த கட்டைக்கு வழி. கோக்கும்போது வரிசை தலைகீழாகும்: ஐந்தையும் கையில் பிடித்து, நடுவே அந்தச் சதுரம் திறந்திருக்கிறதா என்று பார்த்து, கடைசியாகத் திறவுகட்டையைச் செருக வேண்டும். திறவுகட்டை இல்லாத புதிரில் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, எதிர்ப்புறமாக மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பலத்துக்கு இதில் வேலை இல்லை; வராத கட்டையைத் திருகினால் உள்மூலை பிளக்கும். கழற்றும்போதே கட்டைகளை வந்த வரிசையில், வந்த திசையில் அடுக்கி வைப்பவருக்குப் பாதி விடை கையில்.

தச்சும் செட்டிநாடும்

இந்தப் புதிரின் வேர் தச்சுப் பொருத்தில் இருக்கிறது. மானசாரம், மயமதம் ஆகிய இரு சிற்பநூல்களிலும் 17-ஆம் அத்தியாயம் சந்திகர்மம், அதாவது மரங்களை இணைக்கும் முறை. அதைக் கண்ணால் காணச் சிவகங்கை மாவட்டத்தின் செட்டிநாட்டு வீடுகளைவிட நல்ல இடம் குறைவு. ஏறத்தாழ 1850 முதல் 1940 வரை நகரத்தார் கட்டிய இவ்வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. நிலைக்காலின் தலையில் கழுந்து விட்டு, மேல்சட்டத்தின் துளையில் இறக்கி, குறுக்கே மரமுளை அடிப்பார்கள். முளையைத் தட்டி எடுத்தால் நிலை கழன்றுவிடும். தூண், போதிகை, உத்திரம் என்று மேலே போகிற வரிசைக்கும் இதே நியாயம்: கடைசியில் ஏறியது முதலில் இறங்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் முழு நிலைக்கதவுகளும் தூண்களும் விற்பனைக்கு நிற்பது இதனால்தான் சாத்தியமாகிறது. வீடுகள் இப்படிக் கலைந்துபோவது பெரிய இழப்பு. அதே பொருத்துமுறை காப்பாற்றவும் உதவியிருக்கிறது: 1996-இல் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடொன்றின் பகுதிகள் கழற்றிக் கொண்டுவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன.

செய்முறை

பட்டறையில் முதல் வேலை, எல்லாக் கட்டைகளையும் ஒரே கனத்துக்கு இழைப்பது. ஒரு கட்டை தாளின் கனம் கூடினாலும் ஆறும் சேரும்போது இறுகிவிடும். குறைந்தால் ஆட்டம் காட்டி, திறவுகட்டை தானே நழுவும். வெட்டின் அகலத்தை அளவுகோலால் குறிக்காமல், இழைத்த கட்டையையே மேலே வைத்துக் கீறிக்கொள்வது நல்லது. கீறலின் உட்பக்கமாக ரம்பம் ஓட வேண்டும்; மிச்சத்தை உளி பார்த்துக்கொள்ளும். மரம் ஈரக்காற்றில் நார் ஓடும் திசையில் அநேகமாக நீளாது, குறுக்கேதான் உப்பும். அதனால் கோடையில் சரியாக அமைந்த புதிர் ஐப்பசி மழையில் அசைய மறுக்கலாம். புதுமரத்தைவிட, பல பத்தாண்டுகள் வீட்டில் நின்று பதப்பட்ட தேக்கு இதற்கு உகந்தது. வளையாது, உளிக்கும் இணங்கும். பழைய உத்திரங்களை அறுக்கும்போது மிஞ்சும் கைமுழத் துண்டுகளே ஒரு புதிருக்குத் தாராளம்.