பாரூஸ் துறையின் கற்பூரம்

மய்யித்தை நீராட்டுகையில் கடைசி நீரில் கற்பூரம் கலப்பது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகளாரின் மறைவின்போது அவ்வாறே பணித்ததை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆயினும் அறபு மண்ணில் கற்பூர மரம் வளர்வதில்லை. கி.பி. 637இல் மதாயின் நகரை வென்ற வீரர்களிற் சிலர், அங்குக் கிடைத்த கற்பூரத்தை உப்பென்று எண்ணி உணவிலிட்டனர் என்று பழைய வரலாற்றாசிரியர் எழுதுவர். அத்துணை அரும்பொருள் அது!

அறபு வணிகர் உயர்வாகப் போற்றியது ‘ஃபன்ஸூரி’ கற்பூரம். ஃபன்ஸூர் என்பது சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் பகுதியாகும். மலாய் மொழியின் சூஃபிக் கவிஞர் ஹம்ஸா ஃபன்ஸூரியின் பெயரிலும் அவ்வூர் வாழ்கிறது. அங்குள்ள நெடுமரங்களின் வயிரப் பிளவுகளில் கற்பூரம் படிகமாக உறைந்திருக்கும். இளமரங்களிலோ எண்ணெயாகவே கசியும். பல மரங்களை வெட்டியும் ஒன்றும் கிடையாது போவதுண்டு. ஆகவே மலாய்க் காடுகளில் கற்பூரம் தேடிச் சென்றோர், அன்றாடச் சொற்களை விலக்கித் தனியொரு மொழியே பேசினர்.

கடல் வாணிகம் என்றதும் நம்மிற் பலர் காயல், கீழக்கரை மரக்காயர்களிலிருந்தே தொடங்குகின்றனர். அது போதாது. பாரூஸை அடுத்த லோபு துவாவில் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்குக் கூடி, மரக்கலத் தலைவர்கள் கஸ்தூரியின் விலைப்படி பொன் செலுத்தவேண்டுமென விதித்ததை அது கூறுகிறது. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். அறபு வணிகரும் தமிழ் வணிகரும் நாடிய சந்தை ஒன்றே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

பாரூஸ் கற்பூரம் வேதியியலார் ‘போர்னியால்’ என்னும் பொருள். நீரிலிட்டால் ஆழும், மெல்லவே ஆவியாகும். சீனம், ஜப்பான், தைவான் நாடுகளின் வேறொரு மரத்தை வடித்து எடுத்த கற்பூரமோ மிதக்கும். விரைந்து காற்றில் கரையும். விலை மலிவால் அதுவே சந்தையைப் பிடித்தது; பெயரும் அதற்கே உரியதாயிற்று. பின்னர் அதனையும் தள்ளி, பைன் மரத்தின் டர்ப்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலைகள் செய்யும் கற்பூரம் வந்தது. இன்று கஃபனோடு நாம் வாங்கும் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் அதுவே.

அந்தக் கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்திற்கு உரியது.