வாயில்லாச் சாட்சிகள்: விலங்கு ஹோமியோபதியின் வரலாறும் சான்றின் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

விலங்குக்கு மருந்தின்மீது நம்பிக்கையும் இல்லை, ஐயமும் இல்லை. ஆதலின் அது நலம் பெற்றால் அந்நலம் மருந்தினாலேயே விளைந்தது என்பது ஹோமியோபதி சார்பாக நெடுங்காலமாக முன்வைக்கப்பட்டுவரும் வாதமாகும். ஜெர்மனியில் தோன்றிய விலங்கு ஹோமியோபதியின் வளர்ச்சி, 1865ஆம் ஆண்டு பிரிட்டனில் பரவிய வெக்கை நோய், தற்காலச் சோதனைகள் ஆகியவற்றின் வழியே இவ்வாதத்தின் வலிமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹோமியோபதி, கால்நடை மருத்துவ வரலாறு, ஐசோபதி, வெக்கை நோய், போலி மருந்து விளைவு

முன்னுரை

ஆடு, மாடு, குதிரை, நாய் முதலியவற்றை ‘வாயில்லாச் சீவன்’ என்று வழங்குவது தமிழ் மரபு. தன் நோவைச் சொல்ல இயலாத உயிர் என்பது இதன் பொருள். மருத்துவ வரலாற்றில் இவ்வழக்குக்குத் தனிப் பொருத்தம் உண்டு. நோயைச் சொல்ல இயலாத விலங்கு நலம் பெற்றதையும் சொல்ல இயலாது. இரண்டையும் அதனை வளர்ப்பவரே அதன் பொருட்டுச் சொல்கிறார். விலங்கு ஹோமியோபதியின் வரலாறு இந்த இடைநிலையாளரை மறந்ததன் வரலாறு எனலாம்.

லைப்சிக்கில் தொடக்கம்

ஹோமியோபதியை உருவாக்கிய சாமுவேல் ஹானிமன் (1755–1843) ‘ஒத்தது ஒத்ததைக் குணப்படுத்தும்’ என்னும் கோட்பாட்டை 1796இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1810இல் ‘ஆர்கனான்’ என்னும் நூலில் அதனை விரித்துரைத்தார். நலமுடைய ஒருவரிடம் எக்குறிகளை ஒரு பொருள் தோற்றுவிக்கிறதோ, அக்குறிகளையுடைய நோயை அப்பொருளே மிகச் சிறிய அளவில் நீக்கும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். அவர் லைப்சிக் நகரில் வாழ்ந்த காலத்தில் (1811–1821) வீட்டு விலங்குகளுக்கான ஹோமியோபதி குறித்து ஓர் உரை எழுதினார். அதன் கையெழுத்துப்படி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கண்டறியப்பட்டது. மனிதருக்குப் பொருந்தும் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதே அவ்வுரையின் நிலைப்பாடு.

அக்காலக் கால்நடை மருத்துவத்தை நோக்கினால் இப்புதுமுறை பெற்ற வரவேற்பின் காரணம் விளங்கும். குருதி வடித்தல், கடும் பேதி மருந்து கொடுத்தல், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிடுதல் ஆகியவை அன்று வழக்கில் இருந்தன. இவற்றோடு ஒப்பிட, சில துளி நீர்த்த மருந்து விலங்குக்கு எத்துன்பமும் தரவில்லை. வதைக்கும் மருத்துவத்தை நிறுத்தியதாலேயே பல விலங்குகள் தாமே தேறியிருக்கக் கூடும். ஹோமியோபதியின் தொடக்ககாலப் புகழை மதிப்பிடுகையில் இக்கூறு நினைவில் கொள்ளத்தக்கது.

லக்ஸும் ஐசோபதியும்

விலங்கு ஹோமியோபதியைத் தனித்துறையாக வளர்த்தவர் லைப்சிக்கில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வில்ஹெல்ம் லக்ஸ் (இறப்பு 1849). அடைப்பான் நோய்க்கும், குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோய்க்கும் மருந்து கேட்டு ஹங்கேரியிலிருந்து அவருக்கு ஒரு வினா வந்தது. ஒத்த மருந்து எதுவும் தாம் அறியாமையால், நோயுற்ற விலங்கின் குருதியையும் மூக்குச் சளியையுமே முப்பதாம் வீரியம்வரை நீர்க்கச் செய்து கொடுக்குமாறு லக்ஸ் பரிந்துரைத்தார். 1833இல் வெளிவந்த தம் நூலில் இம்முறைக்கு ‘ஐசோபதி’ எனப் பெயரிட்டார். நோய்ப்பொருளிலிருந்தே செய்யப்படும் ‘நோசோடு’ வகை மருந்துகளின் வரலாறு இவ்வாறு ஒரு கால்நடை மருத்துவரோடு நெருங்கிப் பிணைந்துள்ளது.

நூற்றில் ஒரு பங்காக முப்பது முறை நீர்க்கச் செய்தால் மூலப்பொருள் 1க்குப் பின் 60 சுழிகள் கொண்ட எண்ணில் ஒரு பங்காகும். பன்னிரண்டாம் படியைக் கடந்ததுமே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சும் வாய்ப்பு மிக அருகிவிடும். லூயி பாஸ்டர் 1881இல் பிரான்சின் பூயி-லெ-ஃபோர் என்னும் ஊரில் நடத்திய அடைப்பான் தடுப்பூசிச் சோதனையோடு ஐசோபதியை ஒப்பிடுவோர் உண்டு. நோய்ப்பொருளையே நோய்க்கு எதிராகப் பயன்படுத்துதல் இரண்டிற்கும் பொதுவாகத் தோன்றினாலும் வேறுபாடு அடிப்படையானது. பாஸ்டரின் ஊசியில் வலுக்குறைந்த கிருமி உண்மையிலேயே இருந்தது. அன்றியும், ஊசி பெற்ற ஆடுகளின் எதிரே ஊசி பெறாத ஆடுகளும் நிறுத்தப்பட்டு, இருசாராருக்கும் நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஊசி பெறாத ஆடுகள் மடிந்தன. விலங்கைச் சாட்சியாக்குவதற்கு ஒப்பீட்டுக் குழு இன்றியமையாதது என்பதை அச்சோதனை உலகறியக் காட்டியது.

பிரிட்டனின் வெக்கை நோய், 1865

தமிழக உழவர் ‘வெக்கை’ என்று அஞ்சிய மாட்டுக் கொள்ளைநோய் 1865ஆம் ஆண்டு கோடையில் பிரிட்டனில் புகுந்தது. இலட்சக்கணக்கான மாடுகள் மாண்டன. நோயுற்றவற்றையும் அவற்றோடு பழகியவற்றையும் கொன்று புதைப்பதே வழி என ஜான் காம்ஜி போன்ற கால்நடை அறிஞர் வலியுறுத்தினர். மாட்டையே வாழ்வாகக் கொண்டவர்களுக்கு இவ்வறிவுரை கசந்தது. அச்சூழலில், ஹோமியோபதி முறையால் வெக்கையைத் தடுக்கவும் தீர்க்கவும் முயல்வதற்கென ஒரு சங்கமே நிறுவப்பட்டது. கொல்லாமல் காக்கும் மருந்து ஒன்று உண்டு என்னும் உறுதிமொழி எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று.

எனினும் அக்காலத்தில் முயன்ற எம்மருத்துவமும், ஹோமியோபதி உட்பட, நோயை நிறுத்தவில்லை. 1866 பிப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டம் நோயுற்ற மாடுகளைக் கொல்வதைக் கட்டாயமாக்கியது. மாடுகளின் போக்குவரத்தும் கட்டுப்படுத்தப்பட்டது. 1867இல் நோய் ஒழிந்தது. பிற்காலத்தில் தடுப்பூசிகளே மாடுகளைக் கொல்லாமல் காக்கும் வழியைத் திறந்தன. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. உழவர் 1865இல் விரும்பிய காப்பு இறுதியில் கிட்டியது. ஆனால் அது நீர்த்த துளிகளின் வழியே கிட்டவில்லை.

தற்காலச் சோதனைகள்

நுண்ணுயிர்க்கொல்லிகளின் எச்சம் பாலிலும் இறைச்சியிலும் தங்குவது குறித்த அச்சம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹோமியோபதிக்குப் புத்துயிர் அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் வகுத்த இயற்கைவழிக் கால்நடை வளர்ப்பு விதிகள், உரிய பயன் தருமாயின், மூலிகை மருந்துக்கும் ஹோமியோபதிக்கும் முன்னுரிமை வழங்கின. அப்பயன் உண்டா என்பதே பின்வந்த ஆய்வுகளின் வினாவாயிற்று.

நார்வேயில் மடிவீக்க நோயுற்ற கறவை மாடுகளிடம் நடத்தப்பெற்று 2004இல் வெளியான ஆய்வில், ஹோமியோபதி பெற்றவற்றுக்கும் போலி மருந்து பெற்றவற்றுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் வேறுபாடு காணப்படவில்லை. போலி மருந்து பெற்றவற்றுள்ளும் பல தாமே தேறின. மறுபுறம், 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, தாய்ப்பன்றிக்கு நோசோடு கொடுத்தபோது குட்டிகளின் கழிச்சல் குறைந்ததாகக் கூறியது. இத்தகைய சாதகமான முடிவுகள் வேறு சில ஆய்வுகளிலும் உண்டு. கால்நடைகள் பற்றிய 52 சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பீடு அவற்றுள் 28 சாதகமானவை எனக் கண்டது. ஆனால் ஒத்த சூழலில் மீண்டும் நிகழ்த்தி உறுதிசெய்யப்பட்ட சோதனை ஒன்றும் இல்லை என்றும் சுட்டியது. பிரிட்டனின் அரச கால்நடை மருத்துவர் கல்லூரி, ஹோமியோபதிக்கு ஏற்கத்தக்க சான்றுத் தொகுதி இல்லை என 2017இல் அறிவித்தது.

வளர்ப்பு நாய்கள் பற்றிய ஆய்வு ஒன்று சாட்சிச் சிக்கலை நேரடியாக வெளிப்படுத்துகிறது. வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாய்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான அவ்வாய்வில், ஹோமியோபதி பெற்ற நாய்களும் போலி மருந்து பெற்ற நாய்களும் முன்னேறியதாக உரிமையாளர்கள் தெரிவித்தனர். இருகுழுவுக்கும் இடையே வேறுபாடு இல்லை. நாய் ஏமாறவில்லை என்றே கொள்ளலாம். ஆனால் மதிப்பெண் இட்டது நாய் அன்று.

முடிவுரை

விலங்கிடம் நம்பிக்கை இல்லை என்னும் கூற்று சரியானதே. நம்பிக்கை வளர்ப்பவரிடம் உள்ளது. நோயின் இயல்பான ஏற்ற இறக்கம், உடன் நிகழும் பராமரிப்பு, உரிமையாளரின் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. அருகிருந்து நோக்கவே இயலாத காட்டுவிலங்கைப் பொறுத்தவரை இவ்விடர்ப்பாடு மேலும் பெருகும். தனி உயிரின் நுண்குறிகளைக் கேட்டறிந்து மருந்து தேர்வதே ஹானிமன் வகுத்த முறை. கேட்கவும் பார்க்கவும் வாய்ப்பற்ற உயிரிடம் அம்முறை தன் அடித்தளத்தையே இழக்கிறது.

ஹோமியோபதியை நாடிய உழவரும் வளர்ப்போரும் பேதைமையால் நாடினர் என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1820களில் சூட்டுக்கோலிலிருந்தும், 1865இல் கொலைக்குழியிலிருந்தும், அண்மைக் காலத்தில் மருந்தெச்சத்திலிருந்தும் விலங்கைக் காக்கும் விருப்பமே அவர்களை இயக்கியது. அவ்விருப்பம் மதிக்கத்தக்கது. ஆயினும் பயன் உறுதிப்படாத மருந்தை நம்பிக் காத்திருக்கும் நாட்களின் வலியை உரிமையாளர் நுகர்வதில்லை. வாயில்லாச் சீவனே நுகர்கிறது. அதன் பொருட்டுப் பேசுவோர் தம் கண்ணையும் ஐயுற்று நோக்குதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.