விதியா, விசையா?

1965ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், மாலை மணி 5-16. கனடா நாட்டிலே, நயாகரா ஆற்றங்கரையிலே, சர் ஆடம் பெக் மின் நிலையத்திலே ஒரு சிறு கருவி அசைந்தது. இடி இடிக்கவில்லை, புயல் வீசவில்லை, பகைவர் குண்டும் விழவில்லை. ஆயினும் சில நிமிடங்களுக்குள் டொரண்டோவும் பாஸ்டனும் நியூயார்க்கும் இருளில் மூழ்கின. 80,000 சதுர மைல் நிலப்பரப்பு. 3 கோடி மக்கள்! நியூயார்க்கின் சுரங்க ரயில்களிலே மட்டும் 8 லட்சம் பேர் சிக்கித் தவித்தனர். வானளாவும் மாளிகைகளிலே மின்தூக்கிகள் நடுவழியில் நின்றன. சில பகுதிகளிலே ஒளி மீள 13 மணி நேரம் ஆயிற்று.

நிலவைப் பாம்பு விழுங்கிற்று என்று நம் பாட்டன்மாரை நம்பவைத்தோர், மின்விளக்கை விழுங்கியது எந்தப் பாம்பு என்றும் கூறியிருப்பர், பரிகாரமும் பகர்ந்திருப்பர், தட்சிணையும் பெற்றிருப்பர்! அமெரிக்காவிலும் அன்று வதந்திக்குப் பஞ்சமில்லை. பகைவரின் சதியோ என்று அஞ்சியோர் உண்டு. பறக்கும் தட்டு வந்ததெனக் கதைத்தோரும் உண்டு. ஆனால் குடியரசுத் தலைவர் ஜான்சன் கூட்டாட்சி மின்சார ஆணையத்தை விசாரிக்கப் பணித்தார். பொறிஞர்கள் நொடி நொடியாகத் தடம் தேடினர். ஒரு வாரத்திற்குள் உண்மை வெளிப்பட்டது.

அந்த உண்மையை உணர, மின்சாரத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் கம்பியில் மின்சாரத்தைக் கொட்டி வைக்க இயலாது. மின்கலங்கள் ஓரளவு சேமித்துத் தரலாம். எனினும் கம்பிக்குள் செல்லும் மின்சாரமும் மக்கள் எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாக வேண்டும். தேவை மிஞ்சினால் சுழலிகளின் வேகம் தளரும். தேவை குறைந்தால் வேகம் மிகும். அமெரிக்காவில் நொடிக்கு 60 சுற்று, நம் நாட்டில் 50 சுற்று என்னும் அலைவெண்ணே அந்தத் தராசின் முள். முள் அளவு மீறிச் சாயுமுன் நிமிர்த்துவதே மின்வாரியத்தாரின் இரவு பகல் ஓயாத பணி.

சர் ஆடம் பெக் நிலையத்திலிருந்து டொரண்டோ நோக்கி ஐந்து கம்பித்தடங்கள் சென்றன. ஒவ்வொன்றுக்கும் ரிலே என்னும் காவற்கருவி உண்டு. இந்த அளவுக்குமேல் மின்சாரம் ஓடினால் தடத்தைத் துண்டித்துவிடு என்று 1963இல் அதற்குக் கட்டளையிட்டிருந்தனர். அன்றைய ஓட்டத்திற்கு அந்த அளவு போதும். ஆண்டுகள் இரண்டு சென்றன, தேவை வளர்ந்தது, அளவு மட்டும் அப்படியே நின்றது! தடம் தாங்கக்கூடிய சுமைதான். ஆயினும் கருவி தன் கட்டளைப்படி ஒரு தடத்தைத் துண்டித்தது. அதன் சுமை மற்ற நான்கின்மீது விழ, மூன்று நொடிக்குள் அவையும் துண்டாயின. வடக்கே வழியற்ற மின்சாரம் திசை திரும்பி நியூயார்க் மாநிலக் கம்பிகளில் வெள்ளமெனப் பாய்ந்தது. நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன.

கருவி பழுதுபடவில்லை, சொன்னதைச் செய்தது. பழுது எங்கே? நேற்று வகுத்ததை இன்று எவரும் மீண்டும் எண்ணிப் பார்க்காததிலே! முன்னோர் வகுத்தது என்பதற்காகவே ஒன்றைத் தொடாமல் விட்டுவைக்கும் மனப்பான்மை கோயிலிலே மட்டுமா குடியிருக்கிறது? கூடத்திலே இருக்கிறது, ஆய்வுக்கூடத்திலும் நுழைந்துவிடுகிறது. நுழைந்தால், 3 கோடிப் பேரை இருளில் தள்ளுகிறது.

பாடம் வீண்போகவில்லை. 1968இல் வட அமெரிக்க மின் நிறுவனங்கள் கூடி, மின்வழங்கலின் உறுதியைக் காக்க ஒரு மன்றம் அமைத்தன. எந்த ஒரு தடமோ நிலையமோ வீழ்ந்தாலும் மற்றவை தாங்க வேண்டும். கைவசம் எப்போதும் உபரி ஆற்றல் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். அலைவெண் சரிந்தால், முழுதும் அழியாதிருக்கச் சில பகுதிகளைத் தானே துண்டிக்கும் ஏற்பாடு வேண்டும். வெளி மின்சாரமின்றியே எழக்கூடிய நிலையங்கள் ஆங்காங்கே வேண்டும். இவையெல்லாம் நெறிகளாயின.

நெறிகளாயின, சட்டமாகவில்லை! விரும்பியோர் விரும்பியவாறு ஏற்றனர். 2003 ஆகஸ்ட் 14இல் ஒஹையோ மாநிலத்திலே, வெட்டப்படாமல் வளர்ந்த மரங்களில் உயர் அழுத்தக் கம்பிகள் உரசின. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கைக் கணினியோ ஊமையாகிக் கிடந்தது. இம்முறை இருளில் தவித்தோர் 5 கோடி! அதன் பின்னரே, 2005இல் சட்டம் பிறந்தது; 2007 முதல் நெறிகள் கட்டாயமாயின; மீறினால் தண்டம். வேண்டுகோளால் விளையாதது சட்டத்தால் விளைந்தது.

அயல்நாட்டுக் கதைதானே என்று நாம் அமைதி கொள்வதற்கில்லை. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களும் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொள்ள, 60 கோடிக்கு மேற்பட்டோர் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன. பங்குக்கு மேல் சிலர் இழுத்தனர். தானே துண்டிக்கவேண்டிய கருவிகள் போதிய அளவு துண்டிக்கவில்லை. தென்னகம் தப்பியது. அப்போது நம் மின்தொகுப்பு வடக்கோடு ஒரே அலைவெண்ணில் பிணைக்கப்படவில்லை என்பதே காரணம். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் தடத்தின் வழியே அந்தப் பிணைப்பும் ஏற்பட்டது. பற்றாக்குறைக்கு இனி வடக்கின் மின்சாரம் வரும். வடக்கின் தடுமாற்றமும் வரக்கூடும். எனவே கூட்டில் இருப்போர் ஒவ்வொருவரும் தம் தராசைத் தாமே நேராக வைத்திருத்தல் வேண்டும். தன் பொறுப்பை உணர்ந்த உறுப்புகளே கூட்டுக்கு வலிமை!

தோழர்களே! நம் வீட்டு விளக்கு இன்றிரவு அணையாமல் எரியுமானால், எங்கோ ஒருவர் மரக்கிளையை வெட்டியிருக்கிறார். எங்கோ ஒருவர் நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி ஓய்கிற நாளிலேதான் இருள் வருகிறது.