எந்தப் பட்டியலில் உங்கள் பெயர்? காரைக்கால் வாக்காளரின் கதை

காரைக்காலின் சில தெருக்களில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் வெவ்வேறு நாட்டுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். ஒரு வீட்டில் புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலுக்கு விரலில் மை வைத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலிருக்கும் ‘சொல்தா’ வீட்டில், அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில், பிரான்சின் அடுத்த அதிபர் யார் என்று பேச்சு நடக்கிறது. பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் அவர்களுக்காக ஊரிலேயே ஒரு வாக்குச்சாவடியும் திறக்கிறார்கள். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் மக்கள். அவ்வளவுதான் இந்த மாவட்டம். இங்கே குடியுரிமையின் வரலாறு என்பது பெயர்ப் பட்டியல்களின் வரலாறு. யார் பட்டியல் போட்டார்கள், அதை யார் பார்க்க முடிந்தது, யார் தட்டிக்கேட்க முடிந்தது என்பதே அதன் சாரம்.

1739-ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1848-ல் பாரீசில் குடியரசு அறிவிக்கப்பட்டதும் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு நாடாளுமன்ற இடம் கிடைத்தது. ஐந்தாண்டு குடியிருந்ததைக் காட்டினால் உள்ளூர்த் தமிழரும் வாக்காளர். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லாவில், அன்றைக்கு இப்படி ஒரு உரிமையை யாரும் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் அது நிலைக்கவில்லை. மூன்றாம் நெப்போலியன் ஆட்சி அந்த இடத்தைப் பறித்தது. 1871-ல்தான் திரும்பக் கிடைத்தது.

அதன் பிறகு வந்தது பிரித்து எழுதும் காலம். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி, தங்கள் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் ‘ரெனோன்சான்’ ஆனார்கள். சாதிக் கட்டிலிருந்து விடுபட விரும்பிய பலருக்கு அது ஒரு வழி. 1884-ல் உள்ளூர் அவைத் தேர்தலுக்கு மூன்று பட்டியல்கள் போடப்பட்டன: ஐரோப்பியர், ரெனோன்சான்கள், மற்ற இந்தியர். எண்ணிக்கையில் மிகச் சிறிய ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல் என்றால், ஒருவரின் ஓட்டுக்கு மற்றவரின் ஓட்டைவிடப் பல மடங்கு எடை என்று அர்த்தம். சாதித் தலைமையின் பலத்தில் நின்ற நாடு சண்முக வேலாயுத முதலியார் பல பத்தாண்டுகள் பிரெஞ்சிந்தியத் தேர்தல்களை ஆட்டிவைத்தது இந்தச் சூழலில்தான். 1907-ல் காரைக்கால் பகுதியில் ஆறு நகராட்சிகள் இருந்தன. மேரி (நகராட்சி மன்றம்) யார் கையிலோ, வாக்குப்பெட்டியும் அவர் கையில் என்ற நிலை. அடிதடி, கள்ள ஓட்டு, வராதவர் பெயரில் விழுந்த ஓட்டு என்று புகார்கள் பாரீஸ் நாடாளுமன்றம் வரை போயின.

இருந்தாலும் அந்த மோசடிக்கு ஒரு உருவம் இருந்தது. பட்டியல் தாளில் இருந்தது. எதிர்த்தரப்பு அதைப் புரட்டிப் பார்க்கலாம், செத்தவர் பெயரைச் சுட்டிக்காட்டலாம், வழக்காடலாம்.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூரில் கூடிய பிரெஞ்சிந்திய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு சட்டப்படி முழுமையானது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றது ஒப்பந்தம். இன்றைய சொல்தா குடும்பங்களில் பலவற்றின் தலைவிதி அந்தக் கையெழுத்தில் முடிவானது.

2021-ல் வேறொரு பட்டியல் பேச்சுக்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, புதுச்சேரி வாக்காளர்களின் கைபேசிக்கு பா.ஜ.க. பெயரில் குறுஞ்செய்திகள் வந்தன. வாக்குச்சாவடி வாரியான வாட்ஸ்அப் குழுக்களில் சேர அழைப்பு இருந்தது. ஆதாருடன் இணைத்த எண்களுக்கு மட்டுமே செய்தி வருகிறது, அந்தத் தகவல் கட்சிக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டு இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரி தலைவர் சென்னை உயர்நீதிமன்றம் போனார். தொண்டர்கள் வீடு வீடாகப் போய் எண்களைத் திரட்டினார்கள் என்பது கட்சியின் பதில். தங்கள் தரவகத்திலிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு, குற்றச்சாட்டு நம்பத்தக்கதாக இருக்கிறது என்று கூறி விளக்கம் கேட்டது. தேர்தலை அது நிறுத்தவில்லை. காரைக்காலின் ஐந்து தொகுதிகளில் ஒன்றிலும் பா.ஜ.க. வெல்லவில்லை. செய்தி அனுப்பியவர்தான் ஜெயிப்பார் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நம் எண் எந்த வழியாகப் போனது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது.

ஏனென்றால் எண் கையில் இருந்தால் குறுஞ்செய்தியோடு வேலை நிற்காது. எண்களின் தொகுப்பை ஃபேஸ்புக்கில் ஏற்றினால், அந்த எண்ணுக்குரியவர்களின் கணக்குகளை அது பொருத்திப் பார்த்து, அவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டும். அவர்களைப் போன்ற பழக்கமுள்ள பிறரையும் அல்காரிதமே தேடிச் சேர்க்கும். சோப்பு விற்பவருக்கும் கட்சிக்கும் ஒரே வசதி. கீழகாசாகுடி மீனவருக்கு ஒரு வாக்குறுதியும் திருநள்ளாறு கடைக்காரருக்கு அதற்கு நேர்மாறான வாக்குறுதியும் போகலாம். ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. 1884-ன் மூன்று பட்டியல்கள் எவ்வளவு அநியாயமானவை என்றாலும், தான் எதில் இருக்கிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. இப்போது பட்டியல்கள் ஆயிரக்கணக்கில், அதுவும் நமக்குத் தெரியாமல்.

பக்கத்து வீட்டுச் சொல்தாவின் நிலை சற்று வேறு. வெளிநாட்டுவாழ் பிரெஞ்சு வாக்காளர் பட்டியலில் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும், வேட்பாளர் அதைப் பெறலாம். ஆனால் அது சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட்ட ஏற்பாடு. நாடாளுமன்றத் தேர்தலில் 2012 முதல் இணையத்தில் வாக்களிக்கும் வசதி தந்த அதே அரசு, 2017-ல் இணையத் தாக்குதல் அபாயத்தைக் காரணம் காட்டி அதை நிறுத்திவைத்தது. 2025 அக்டோபரில் அரசியல் விளம்பரங்களுக்கான கடும் விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் அமலாக்கியபோது, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அங்கே அத்தகைய விளம்பரங்களையே கைவிட்டது.

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் வாக்காளர் எண்களைக் கட்சிகள் திரட்டுவதற்கென்று தனி விதி அதில் இல்லை. வாக்காளர் பட்டியலின் வரைவை வெளியிட்டு ஆட்சேபனை கேட்கும் தேர்தல் ஆணையம், கட்சிகள் வைத்திருக்கும் எண்களின் மூலத்தையும், யாருக்கு எந்த விளம்பரம் போனது என்பதையும் வெளியிடச் செய்ய வேண்டும். அதுவரை, முன்பின் தெரியாத குழுவில் உங்கள் எண் சேர்க்கப்பட்டால் வெளியேறுவதற்கு முன், ‘என் எண் எங்கிருந்து கிடைத்தது?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.