அம்மைப்பால்

அறுபது வயதைத் தாண்டியவர்களின் மேல்கையைப் பாருங்கள். பலருக்கும் காசளவு தழும்பு ஒன்று இருக்கும். கேட்டால் "அம்மை குத்தினது" என்பார்கள். தடுப்பூசி என்ற சொல் அந்தத் தழும்போடு ஒட்டுவதே இல்லை.

பச்சை குத்துவது என்றால் பச்சையைத் தோலுக்குள் இறக்குவது. அம்மை குத்துவதும் அதே இலக்கணம்தான்: இறங்குவது அம்மை. கவட்டை முனையுள்ள சின்ன ஊசியைப் பெரியம்மையைத் தடுக்கும் மருந்தில் தோய்த்து, ஒரே இடத்தில் 15 முறை வெடுக் வெடுக்கென்று குத்துவார்கள். மூன்று நான்கு நாளில் பரு எழும்பும், நீர் கோக்கும், சீழ் பிடிக்கும், மூன்றாம் வாரம் பொருக்கு உதிரும். அக்குளில் நெறி கட்டும்.

குத்திய மருந்துக்கு அம்மைப்பால் என்று பெயர். பசுவின் பாலோ என்று குழம்ப வேண்டாம். எருக்கம்பால், ஆலம்பால் என்கிறோமே, அந்தப் பால். கொப்புளத்தில் ஊறும் நீர். ஆனாலும் பசுவுக்கு இதில் பங்குண்டு. 1796 மே 14 அன்று எட்வர்ட் ஜென்னர், பால்காரப் பெண் ஒருத்தியின் கையிலிருந்த பசுவம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவன் கையில் கீறி ஏற்றினார். லத்தீனில் வாக்கா என்றால் பசு. வாக்சின் அதில் பிறந்தது. 1881இல் பாஸ்டர், ஜென்னரைச் சிறப்பிக்க, எல்லா நோய்களுக்குமான தடுப்பு மருந்துக்கும் அப்பெயரையே விரித்தார். கோழிக் காலராவுக்கும் பசுவின் பெயர்! இதில் இன்னொரு வேடிக்கை: பின்னாளில் புழங்கிய அம்மைப்பாலின் கிருமி, மரபணுவை ஆராய்ந்தால், குதிரையம்மைக்கே நெருங்கிய உறவு.

நெறி கட்டுவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். பள்ளிக்கூடம் அங்கேதான் நடக்கிறது. வந்த கிருமியின் துணுக்கு நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேரும். அங்குள்ள எண்ணற்ற பி அணுக்கள் என்னும் வெள்ளையணுக்களில் அதோடு பொருந்துகிற சில மட்டும் பெருகும். பெருகும்போதே பிடி இறுகும்படி திருந்தும். பிடி தளர்ந்தவை மடியும். தேறியவற்றில் சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி ஆண்டுக்கணக்கில் எதிர்ப்புரதம் சுரக்கும். மற்றவை நினைவணுக்களாகக் காத்திருக்கும். நிஜ நோய் வரும்போது முதல் தடவைபோல் வாரக்கணக்கில் தடுமாறாமல் சில நாளிலேயே பாய்ந்துவிடும்.

அந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? 1846இல் ஃபரோ தீவுகளில் மணல்வாரி பரவியபோது பீட்டர் பானும் என்ற டேனிஷ் மருத்துவர் போய்ப் பார்த்தார். அதற்கு முன் அங்கே அது வந்தது 1781இல். அப்போது கண்ட கிழவர்களுக்கு 65 ஆண்டு கழித்தும் மறுபடி வரவில்லை. எல்லா நினைவும் இப்படி நிற்பதில்லை. ரணஜன்னி ஊசியை இடைவெளி விட்டு மறுபடி போட வேண்டியிருக்கிறது.

இந்த நினைவு தரும் காப்பைக் குறிக்கும் இம்யூனிட்டி என்ற சொல்லின் மூலம் லத்தீனில் கடமையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெற்ற நிலை. நம் கல்வெட்டுகள் அதை இறையிலி என்னும். நாம் அந்த வழியே போகாமல், காப்பைத் தரும் மருந்தைத் தடுப்பூசி என்றோம். போலியோவுக்கு ஊசியே இல்லாத மருந்து வந்ததும் மக்கள் பாட்டுக்குச் "சொட்டு மருந்து" என்று சொல்லிக்கொண்டார்கள்.

1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மை குத்துவதும் நின்றது. என் மகள் கையிலும் ஒரு தழும்பு உண்டு; காசநோய்க்கான பி.சி.ஜி. போட்டது. அவள் பாட்டி அதைத் தடவிப் பார்த்து, "அம்மை குத்தினது நல்லா எடுத்திருக்கு" என்கிறாள்.