கண்டதும் கேட்டதும் கருதியதும்

வரலாறு எழுதப் புகும் மாணவருக்கு முதற்கண் எதனைக் கற்பிப்பது? ஆண்டுகளையா, அரசர் பெயர்களையா? உள்ள செய்தியையும் தன் உள்ளத்தின் விருப்பத்தையும் பிரித்தறியும் பயிற்சியையே முதலில் அளித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. இன்றைய கல்வியாளர் இதனைப் புறநிலை எழுத்து, அகநிலை எழுத்து என இரண்டாக வகுப்பர். பொருள் உள்ளவாறே நிற்பது முன்னது. எழுதுவோன் நெஞ்சம் முன்னே நிற்பது பின்னது. பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று.

ஒருமுறை ஈரோட்டு மாணவர் இருவரிடம், திப்பு சுல்தான் காலத்து ஈரோட்டைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தோம். திப்புவின் ஆட்சியில் ஊர் செழித்தது, ஆங்கிலேயர் அதனைத் தரைமட்டமாக்கினர் என்று ஒருவர் எழுதினார். திப்புவின் ஆட்சியால் ஊர் பாழாயிற்று என்று மற்றவர் எழுதினார். சான்று கேட்டோம். இருவரும் காட்டியது ஒரே நூல், ஒரே பத்தி!

அந்நூல் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவருடையது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி 1800-இல் அவர் மைசூர், கொங்கு, மலபார் நாடுகளைச் சுற்றிவந்தார். அவர் பயணநூல் 1807-இல் இலண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. ஈரோட்டைப் பற்றி அவர் தரும் செய்தி இது: பெரியதொரு மண்கோட்டை உண்டு, ஹைதர் ஆட்சியில் புறநகரில் ஏறத்தாழ 3,000 வீடுகள் இருந்தன, திப்புவின் ஆட்சியில் அவை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன, ஜெனரல் மெடோஸின் படையெடுப்பின்போது யாவும் அழிந்தன, இப்போது மீண்டும் எழுந்துவரும் ஊரில் ஏறத்தாழ 400 வீடுகள் உள்ளன. பவானியிலிருந்து வரும் வாய்க்காலையும், அதாவது நம் காலிங்கராயன் வாய்க்காலையும், அவர் பாராட்டுகிறார்.

முதல் மாணவர் திப்புவைப் பற்றிய வரியை விட்டுவிட்டார். இரண்டாமவர் மெடோஸைப் பற்றிய வரியை விட்டுவிட்டார். எவரும் பொய்யை எழுதவில்லை. ஆயினும் இரு கட்டுரைகளும் உண்மையாகவில்லை.

அப்பத்தியைக் கரும்பலகையில் மூன்றாகப் பகுத்தோம்: கண்டது, கேட்டது, கருதியது. 1800-இல் வந்தவர் கண்டவை மண்கோட்டை, வாய்க்கால், 400 வீடுகள். ஹைதர் மறைந்தது 1782-இல். ஆகவே 3,000 என்பது அவர் கேட்டதே. சொன்னவர் யார்? அவர் எண்ணிப் பார்த்தவரா, நினைவிலிருந்து சொன்னவரா? ஹதீஸ் கலையில் பெயர் குறிக்கப்படாத அறிவிப்பாளரை முப்ஹம் என்பர். அத்தகைய செய்தியை அக்கலை அறிந்தோர் ஐயத்தோடே அணுகுவர். வீடுகள் குறைந்ததற்கு ஆட்சியே காரணம் என்பதோ கருத்து. அதனை ஏற்குமுன் வேறு காரணங்களையும் ஆராய்தல் வேண்டும்.

மெடோஸைப் பற்றிய வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. படையெடுப்பின்போது ஊர் அழிந்தது என்கிறாரேயன்றி, அழித்த கை எது என்று கூறவில்லை. 1790-இல் கம்பெனிப் படை ஈரோட்டைக் கைப்பற்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் திப்பு கெஜலஹட்டிக் கணவாய் வழியே இறங்கிச் சத்தியமங்கலத்தில் போர் செய்தார். ஈரோடு மீண்டும் அவர் வசமாயிற்று. இரு படைகளும் நடந்த மண் இது. "ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர்" என்பது அவ்வரியில் இல்லாத சொல். அது நம் மாணவரின் நெஞ்சிலிருந்து வந்தது.

கம்பெனியின் ஊழியர் சொல் எங்ஙனம் சான்றாகும் என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல வினா. தன் தரப்புக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எழுதியவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. தன் எசமானருக்கு உவப்பான இடத்தில் அவர் சொல்லை இருமுறை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். நிறுப்பது வேறு, கிழித்தெறிவது வேறு.

இவை மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தவை அல்ல. ஹிஜ்ரி 310-இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்), தம் வரலாற்றுப் பெருநூலில், ஒரே நிகழ்ச்சி பற்றிய மாறுபட்ட செய்திகளையும் அறிவிப்பாளர் தொடரோடு அருகருகே வைத்தார். ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, தமக்கு உடன்பாடில்லாத கொள்கைகளையும் அவற்றுக்குரியோர் சொல்லியவாறே பதிவு செய்ய முயன்றார். இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவில், வரலாற்றில் பொய் புகும் வாயில்களுள் முதலாவதாகப் பக்கச்சார்பைச் சுட்டினார். தனக்கு உகந்த செய்தியை மனம் ஆராயாமலே ஏற்கும் என்பது அவர் கண்ட நோய்.

அவ்வாறாயின் அன்புக்கு இடமில்லையா? உண்டு. திப்பு 1799 மே 4-ஆம் நாள் தம் தலைநகர்க் கோட்டையில் போரிட்டு மாண்டார் என்பது செய்தி. அவரை ஷஹீத் என்பது நம் உள்ளத்தின் துஆ. இரங்கற்பாவிலும் மேடையிலும் அச்சொல் தன் உரிமையோடு ஒலிக்கட்டும். ஆனால் அந்த அன்பைக் காட்டி, ஆவணத்தின் ஒரு வரியை அழிக்க நமக்கு உரிமையில்லை. நம் வரியை மறைப்பவரைக் கடிந்துகொள்ளும் நாம், பிறர் வரியை மறைப்பது எந்த நீதி? நமக்கும் நம் பெற்றோருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருமறை (4:135) பணிக்கவில்லையா?

மாணவர் இருவரும் கட்டுரையை மீண்டும் எழுதினர். இம்முறை இரு வரிகளும் இரண்டிலும் இருந்தன. முடிவுரையில் இருவரும் வேறுபட்டனர்; அதற்கு உரிமை உண்டு. செய்தியில் ஒன்றுபட்டு, கருத்தில் வேறுபடுவதே கல்வி.

இல்லங்களில் பிள்ளைகள் வரலாறு பேசும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது கண்டதா, கேட்டதா, நீ கருதியதா? அல்லாஹ் நம் எழுதுகோல்களுக்கு நேர்மையை அருள்வானாக! ஆமீன்.